எட்வர்ட் பால்ஃபர்

எட்வர்ட் கிரீன் பால்ஃபர் (செப்டம்பர் 6, 1813 - டிசம்பர் 8, 1889) சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர், இயற்கை ஆய்வாளர், கலைக்களஞ்சியத் தொகுப்பாசிரியர் ஆவார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் இவரே. இன்று வண்டலூரில் அமைந்துள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, 1855ஆம் ஆண்டு எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் இவர் தொடங்கிய விலங்குத் தொகுப்பின் வழிவந்ததாகும். காடுகளை அழித்தால் நீர்வளம் குன்றும், பஞ்சம் வரும் என்று அரசுக்கு எடுத்துரைத்த முன்னோடிகளிலும் இவர் ஒருவர்.

விலங்குக் காட்சிசாலையின் நிறுவனர் என்ற முறையிலேயே பால்ஃபர் சென்னையில் பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறார். ஆனால் உயிரினங்களின் பாதுகாப்பு என்ற நோக்கில் பார்த்தால், காட்சிசாலையைக் காட்டிலும் காடுகள் பற்றிய அவருடைய எழுத்தே முதன்மையானது. இவ்விரண்டையும் அவரே ஒன்றாக இணைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த இணைப்பு அவர் இறந்து ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே உருவானது.

பிறப்பும் குடும்பமும்

பால்ஃபர் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள மாண்ட்ரோஸ் என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் பால்ஃபர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பற்பணியில் கேப்டனாக இருந்தவர். தாயார் சூசன் ஹியூம். தாய்மாமனான ஜோசப் ஹியூம் இளமையில் கம்பெனி மருத்துவராக இந்தியாவில் பணியாற்றிப் பின்னர் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் சீர்திருத்த அணியின் முன்னணி உறுப்பினராகத் திகழ்ந்தவர். இந்திய தேசிய காங்கிரசைத் தோற்றுவித்தோருள் ஒருவரும் புகழ்பெற்ற பறவையியலாளருமான ஆலன் ஆக்டேவியன் ஹியூம், ஜோசப் ஹியூமின் மகன். எனவே அவர் பால்ஃபருக்கு அம்மான் மகன் ஆவார். பால்ஃபரின் அண்ணன் ஜார்ஜ் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்து, 1843இல் ஷாங்காயின் முதல் பிரித்தானியத் தூதராகி, பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார்.

எட்வர்ட் பால்ஃபர் மாண்ட்ரோசில் பள்ளிக் கல்வியை முடித்து, எடின்பரோவில் அறுவை மருத்துவம் பயின்று, 1833இல் எடின்பரோ அறுவை மருத்துவர் கல்லூரியின் உரிமம் பெற்றார். அடுத்த ஆண்டு குடும்ப நண்பர் ஒருவரின் உதவியால் இந்தியாவில் துணை மருத்துவர் பணி கிடைக்கவே, கப்பலேறினார்.

மொரீசியசும் டோடோவும்

இந்தியாவுக்கு வரும் வழியில் பால்ஃபர் மொரீசியசுத் தீவில் தங்கினார். அத்தீவின் காடுகள் கரும்புத் தோட்டங்களுக்காகப் பெருமளவில் அழிக்கப்பட்டிருந்தன. 18ஆம் நூற்றாண்டில் அத்தீவைப் பற்றி எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்டின் த சான்-பியேரின் நூல் வழியாக முன்பு அங்கிருந்த வளத்தைப் பற்றிப் படித்திருந்த இளைஞருக்கு, அழிவை நேரில் கண்டது ஆழ்ந்த பாதிப்பை ஏற்படுத்தியது என்று சூழலியல் வரலாற்றாய்வாளர்கள் கருதுகின்றனர். பிரெஞ்சு ஆட்சியின்போதே, 1769ஆம் ஆண்டு, அத்தீவில் காடுகளைக் காக்கச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. மரங்களை வெட்டினால் மழையும் ஊற்றும் குறையும் என்ற கருத்து அச்சட்டத்தின் பின்னணியில் இருந்தது. பால்ஃபரின் பிற்கால எழுத்துகளில் இதே கருத்து மீண்டும் மீண்டும் வருகிறது.

மொரீசியசு, பறக்க இயலாத டோடோ பறவையின் தீவும் ஆகும். 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் டோடோ அற்றுப்போய்விட்டது. வியப்பூட்டும் செய்தி என்னவெனில், உயிருள்ள டோடோக்கள் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டிருந்தன. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சூரத்து நகரில் இரண்டு டோடோக்களைக் கண்டதாக ஆங்கிலப் பயணி பீட்டர் மண்டி பதிவு செய்துள்ளார். முகலாய அரசவை ஓவியர் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் டோடோ ஓவியம் ஒன்று ரஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பர்க் நகரில் உள்ளது. கூண்டில் இருந்த அப்பறவைகள் இனம் பெருக்கவில்லை. தீவில் இருந்தவை அழிந்தபோது அரண்மனைகளில் இருந்தவையும் துணைக்கு வரவில்லை. ஓர் உயிரினத்தை அதன் வாழிடத்துக்கு வெளியே வைத்திருப்பது வேறு, அதனைக் காப்பாற்றுவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

படை மருத்துவராக

இந்தியாவில் பால்ஃபர் 1836 முதல் மருத்துவத் துறையில் பணியாற்றினார். ஐரோப்பியப் படைகளுடனும் இந்தியப் படைகளுடனும் தக்காணத்தின் பல ஊர்களில் இருந்தார். இந்துஸ்தானி, பாரசீகம் ஆகிய மொழிகளைத் திறம்படக் கற்றார். மத்திய இந்தியாவின் நாடோடிக் குழுக்களைப் பற்றி 1844இல் வங்காள ஆசியவியற் கழகத்தின் இதழில் கட்டுரை வெளியிட்டார்.

1845ஆம் ஆண்டு, படைவீரர்களுக்கான பாசறைகளை எத்தகைய இடங்களில் அமைத்தால் நோய் குறையும் என்பது பற்றி ஒரு நூல் எழுதினார். வெவ்வேறு ஊர்களில் நிகழ்ந்த இறப்புகளின் எண்ணிக்கையைத் தொகுத்து ஒப்பிட்டு, இடத்தின் தன்மைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயும் முயற்சி அது. எண்களைத் தொகுத்து முடிவுக்கு வருவது அவருடைய வழக்கம். காடுகள் பற்றியும் அவர் இம்முறையிலேயே சிந்தித்தார்.

காடுகளும் மழையும்

1849ஆம் ஆண்டு சென்னை இலக்கியக் கழகத்தின் இதழில், மழையைத் தருவிப்பதிலும் ஈரத்தைத் தக்கவைப்பதிலும் மரங்களுக்கு உள்ள பங்கு பற்றிய தம் குறிப்புகளைப் பால்ஃபர் வெளியிட்டார். காடு அழிந்த இடங்களில் ஊற்றுகள் வற்றியதையும் ஆறுகள் மெலிந்ததையும் பல நாட்டுச் சான்றுகளுடன் எடுத்துக்காட்டினார். ஹம்போல்ட், பூசிங்கோ போன்ற ஐரோப்பிய அறிவியலாளர்களின் ஆய்வுகள் அவருக்கு அடிப்படையாக இருந்தன. அவருடைய வாதத்தின் ஆற்றல், அதனைப் பஞ்சத்தோடு பொருத்தியதில் இருந்தது. 1833ஆம் ஆண்டின் குண்டூர்ப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் அப்போதும் மறக்கப்படவில்லை. மரம் நடுவது அழகுக்காக அன்று, மக்கள் பட்டினியால் சாகாமல் இருப்பதற்காக என்பது அரசு செவிசாய்க்கக்கூடிய வாதமாக இருந்தது.

அக்காலத்தில் காடுகளின் மீதான நெருக்கடி சென்னை நகரின் வடபகுதியில் கண்கூடாகத் தெரிந்தது. எண்ணூர் வரை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் என்பவர் வெட்டிய கால்வாய் பின்னர் பழவேற்காடு நோக்கி நீண்டது. அதன் வழியே படகுகளில் உப்பும் விறகும் நகருக்கு வந்துகொண்டிருந்தன. இதுவே பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. நகரம் வளர வளர விறகின் தேவையும் வளர்ந்தது. 1856ஆம் ஆண்டு சூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டிப் பாதை திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கு அடியில் இடும் கட்டைகளுக்கும் நீராவி இயந்திரங்களின் எரிபொருளுக்கும் மரமே வேண்டியிருந்தது.

அதே 1856ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் வனத்துறை நிறுவப்பட்டு, மற்றொரு ஸ்காட்லாந்து மருத்துவரான ஹியூ கிளெக்கார்ன் அதன் தலைவராக நியமிக்கப்பட்டார். வனத்துறை உருவானதற்குப் பால்ஃபரின் கட்டுரை ஒன்றே காரணம் என்று கூற இயலாது. கப்பல் கட்டத் தேக்கு கிடைக்காமற் போனதும், தொடர்வண்டிக்கு வேண்டிய மரத்தைப் பற்றிய கவலையும், பம்பாய் மாகாணத்தில் 1847இலேயே வனப் பாதுகாவலர் நியமிக்கப்பட்டிருந்ததும் காரணங்களாயின. எனினும் தட்பவெப்பத்தையும் பஞ்சத்தையும் காட்டிக் காடுகளுக்காக வாதாடிய சென்னைக் குரல்களில் பால்ஃபருடையது முந்தியது.

இவ்வாதத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பின்னர் வந்த 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் காப்பில் கொண்டுவந்தபோது, விறகும் மேய்ச்சலும் தேனும் பெற்று அக்காடுகளையே நம்பியிருந்த மக்களின் வழக்குரிமைகள் சுருங்கின. காடு காக்கப்பட வேண்டும் என்ற கருத்து, யாரிடமிருந்து என்ற கேள்வியை எழுப்பாமல் விட்டதன் விளைவு இது. மரங்கள் நேரடியாக மழையை எவ்வளவு தருவிக்கின்றன என்பதில் பால்ஃபரின் காலத்து நம்பிக்கையைப் பிற்கால அறிவியல் அப்படியே ஏற்கவில்லை. ஆனால் காடு நிலத்தின் ஈரத்தைக் காக்கிறது, மண்ணரிப்பைத் தடுக்கிறது என்ற பகுதி நிலைத்து நின்றது.

சென்னை அருங்காட்சியகம்

சென்னை இலக்கியக் கழகத்திடம் நிலவியல் சார்ந்த பொருள்கள் ஏராளமாகச் சேர்ந்திருந்தன. அவற்றைக் கொண்டு ஓர் அருங்காட்சியகம் அமைக்கவேண்டும் என்று கழகம் 1846இல் கோரியது. ஆளுநர் ஹென்றி பாட்டிஞ்சர் இலண்டனின் ஒப்புதலைப் பெற்றுத் தந்தார். பொறுப்பை ஏற்கப் பால்ஃபர் முன்வந்தார். 1851ஆம் ஆண்டு, ஏறத்தாழ 1100 நிலவியல் மாதிரிகளுடன், நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளைக் கற்பித்த கல்லூரி அது.

பால்ஃபர் பொருள்களைக் கேட்டு மாகாணம் முழுவதற்கும் எழுதினார். கற்கள், உலோகத் தாதுக்கள், சிப்பிகள், பதப்படுத்திய விலங்குகள், பழங்காசுகள் எனப் பலவகைப் பொருள்கள் வந்து குவிந்தன. மாடியின் நிலை பாதுகாப்பற்றதாகவே, 1854ஆம் ஆண்டின் இறுதியில் அருங்காட்சியகம் எழும்பூரில் உள்ள பாந்தியன் கட்டடத்துக்கு மாற்றப்பட்டது. நகரின் ஐரோப்பியர்கள் ஒருகாலத்தில் விருந்தும் நடனமும் நாடகமும் நடத்திய இடம் அது. பின்னர் மூரத் என்ற ஆர்மீனிய வணிகரின் கைக்குச் சென்று, 1830இல் அரசால் வாங்கப்பட்டது. சாலை இன்றும் பாந்தியன் சாலை என்றே வழங்குகிறது.

பிற நகரங்களிலும் இத்தகைய அருங்காட்சியகங்கள் வேண்டும் என்பது பால்ஃபரின் விருப்பம். மாகாணத்தின் சில மாவட்டங்களில் தொடங்கப்பட்டவை பெரும்பாலும் நிலைக்கவில்லை. ஆனால் 1865இல் மைசூர் தலைமை ஆணையர் பௌரிங்கின் ஆதரவுடன் பெங்களூரில் அவர் அமைத்த அருங்காட்சியகம் நிலைபெற்றது.

விலங்குக் காட்சிசாலை

அருங்காட்சியகத்தில் இருந்த உயிருள்ள புலி, சிறுத்தை ஆகியவற்றைக் காண மக்கள் திரளாக வருவதைப் பால்ஃபர் கவனித்தார். கல்லையும் எலும்பையும் பார்க்க வராதவர்கள் புலியைப் பார்க்க வந்தனர். உயிருள்ள விலங்குகளை அதிகப்படுத்தினால் அருங்காட்சியகத்துக்குக் கூட்டம் வரும், வருபவர்கள் மற்றவற்றையும் காண்பார்கள் என்பது அவருடைய கணிப்பு. காட்சிசாலையின் தொடக்கம் இத்தகைய நடைமுறை நோக்கத்தைக் கொண்டதே.

விலங்குகளுக்கு அவர் நாடிய இடம் சேப்பாக்கம் அரண்மனை. அங்கே கருநாடக நவாபு குலாம் முகமது கௌஸ் கானிடம் ஒரு விலங்குத் தொகுப்பு இருந்தது. பால்ஃபர் சேப்பாக்கத்தில் அரசின் முகவராகவும், நவாபு குடும்பத்தினருக்கான உதவித்தொகையை வழங்கும் அதிகாரியாகவும் இருந்தவர். பாரசீகமும் இந்துஸ்தானியும் அறிந்தவர். 1850ஆம் ஆண்டு சென்னையில் முகமதியர் பொது நூலகம் அமைவதற்கு முன்னின்றவரும் அவரே. இந்த நெருக்கத்தினால், தம் விலங்குகள் அனைத்தையும் அருங்காட்சியகத்துக்கு வழங்குமாறு நவாபை இசையவைக்க அவரால் முடிந்தது. 1855ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் நவாபு வாரிசின்றி இறந்தார். கம்பெனி நவாபுப் பட்டத்தை ஒழித்து, சேப்பாக்கம் அரண்மனையையும் கைப்பற்றிக்கொண்டது. நவாபின் கடன்களை விசாரிக்க 1858 முதல் 1861 வரை செயற்பட்ட ஆணையர்களுள் பால்ஃபரும் ஒருவர். அரண்மனையில் வளர்ந்த விலங்குகள் பொதுமக்கள் காணும் இடத்துக்கு வந்ததும், அரண்மனையே இல்லாமற் போனதும் அடுத்தடுத்து நிகழ்ந்தன.

1856இல் காட்சிசாலையில் பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன எனச் சேர்ந்து 300க்கும் மேற்பட்ட உயிரினங்கள் இருந்தன. இது இந்தியாவின் முதல் பொது விலங்குக் காட்சிசாலை என்று பொதுவாகக் கூறப்படுகிறது. கல்கத்தாவுக்கு அருகே பாரக்பூரில் வெல்லஸ்லி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விலங்குகளைச் சேர்த்துவைத்திருந்தார். ஆயினும் அது தலைமை ஆளுநரின் மாளிகையைச் சார்ந்தது. கல்கத்தாவின் அலிப்பூர்க் காட்சிசாலை 1876இல்தான் திறக்கப்பட்டது.

செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் தொடங்கியதால் சென்னை மக்கள் அருங்காட்சியகத்தைக் காலேஜ் என்றே அழைத்தனர். உயிருள்ளவை இருக்கும் இடம் உயிர் காலேஜ், பதப்படுத்தியவை இருக்கும் இடம் செத்த காலேஜ் என்ற வழக்குகள் இதிலிருந்து பிறந்து, 20ஆம் நூற்றாண்டிலும் நீண்டகாலம் வழங்கின. காட்சிசாலையும் அருங்காட்சியகமும் ஒரே நிறுவனமாக இருந்ததை ஆவணங்களைவிட இப்பெயர்கள் நன்றாக நினைவில் வைத்திருந்தன எனலாம். இரண்டுக்கும் இடையே போக்குவரவும் உண்டு. காட்சிசாலையில் இறக்கும் விலங்கு அருங்காட்சியகத்தின் அலமாரிக்குப் போவது அக்காலத்தில் எங்கும் இருந்த நடைமுறை.

இக்காட்சிசாலையை இன்றைய பொருளில் உயிரினப் பாதுகாப்பு மையமாகக் கொள்வது பொருந்தாது. இறந்த விலங்குக்கு மாற்றாகக் காட்டிலிருந்து வேறொன்றைப் பிடித்துவருவதே அன்றைய வழக்கம். புலியையும் சிறுத்தையையும் கொல்பவர்களுக்கு அரசே பரிசுத்தொகை வழங்கிவந்த காலம் அது. எழும்பூரில் ஒரு புலிக்குத் தீனி போடவும், காட்டில் மற்றொரு புலியின் தலைக்கு விலை தரவும் ஒரே கருவூலம் பணம் வழங்கியது. இதில் முரண்பாடு இருப்பதாக அன்று யாருக்கும் தோன்றவில்லை. காடு முழுவதும் விலங்குகள் இருக்கின்றன, அவை தீரமாட்டா என்ற எண்ணமே அதற்குக் காரணம். மரங்கள் தீரக்கூடியவை என்பதை 1849லேயே கண்ட பால்ஃபர், விலங்குகளைப் பற்றி அத்தகைய வாதத்தை முன்வைக்கவில்லை.

தாவரங்களைப் பொறுத்தவரை சென்னையில் நிலைமை சற்று வேறாக இருந்தது. 1835இல் நிறுவப்பட்ட வேளாண் தோட்டக்கலைக் கழகத்தின் தோட்டத்தில், அதன் தொடக்கக்காலச் செயலாளரான தாவரவியலாளர் இராபர்ட் வைட் போன்றோர் வெளியூர், வெளிநாட்டுச் செடிகளைக் கொணர்ந்து வளர்த்தனர். நோக்கம் பெரும்பாலும் பயிர்ப்பயன். ஆனால் விதையும் பதியனும் எடுத்துப் பெருக்குவது தோட்டத்தின் அன்றாட வேலை. கூண்டுக்கு அந்த வழக்கம் வந்துசேர மேலும் நூறாண்டு ஆயிற்று.

கலைக்களஞ்சியம்

பால்ஃபர் 1859இல் அருங்காட்சியகப் பொறுப்பிலிருந்து விலகினார். அதற்கு முன்பே, 1857இல், இந்தியாவையும் கிழக்கு, தெற்கு ஆசியாவையும் பற்றிய அவருடைய ஆங்கிலக் கலைக்களஞ்சியம் சென்னையில் வெளிவந்திருந்தது. தாவரம், விலங்கு, கனிமம், தொழில், வணிகம், இனக்குழுக்கள் எனப் பல துறைச் செய்திகளை ஒரே மனிதர் தொகுத்த நூல் அது. இரண்டாம் பதிப்பு 1871 முதல் 1873 வரை ஐந்து தொகுதிகளாகவும், மூன்றாம் பதிப்பு 1885இல் இலண்டனில் மூன்று பெரிய தொகுதிகளாகவும் வெளிவந்தன.

ஒரு மரத்தையோ மீனையோ பற்றி எழுதும்போது அதன் தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி, பிறமொழிப் பெயர்களைச் சேர்த்துத் தந்தது இந்நூலின் சிறப்பு. சந்தையில் மரம் வாங்குபவருக்கும் காட்டில் அதைத் தேடுபவருக்கும் இலத்தீன் பெயர் மட்டும் உதவாது. இந்தியாவின் கட்டட மரங்களைப் பற்றி அவர் தனியே எழுதிய நூலும் (1862) இவ்வாறே அமைந்தது. அதனைத் தொகுத்தபோது எந்த மரம் எங்கே கிடைக்கிறது என்பதோடு, எங்கே அரிதாகிவிட்டது என்பதையும் அவர் அறிய நேர்ந்தது. தமிழில் இத்தகைய ஒரு பெருந்தொகுப்பாக ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வெளிவந்தது என்பதை இங்கு ஒப்புநோக்கலாம். அதுவும் பெரிதும் ஒருவரின் உழைப்பே.

மருத்துவத் துறைத் தலைவர்

வடசென்னையில் தங்கசாலை என்றழைக்கப்படும் பகுதியில் இருந்த நாணயச் சாலையில் பால்ஃபர் உலோக மதிப்பீட்டு அதிகாரியின் துணைவராகவும் சிலகாலம் பணியாற்றினார். 1862 முதல் 1870 வரை மருத்துவமனைகளின் துணைத் தலைமை ஆய்வாளராகப் பர்மா, மலாக்கா நீரிணைக் குடியேற்றங்கள், அந்தமான், மைசூர் ஆகிய இடங்களில் இருந்தார். 1871 முதல் 1876 வரை சர்ஜன் ஜெனரல் என்னும் பதவியில் சென்னை மாகாண மருத்துவத் துறைக்குத் தலைமை வகித்தார்.

இக்காலத்தில் அவர் செய்த பணிகளுள் பெண்களின் மருத்துவக் கல்வி முதன்மையானது. ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாத பெண்கள் பேறுகாலத்தில் உரிய சிகிச்சையின்றி இறப்பதைக் கண்ட அவர், பெண்களை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கவேண்டும் என்று 1872இல் அரசை வலியுறுத்தினார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. பிரித்தானியாவின் பல மருத்துவக் கல்லூரிகள் பெண்களுக்குக் கதவடைத்திருந்த காலம் அது என்பது குறிப்பிடத்தக்கது. கான்குவெஸ்ட் என்பவரின் மகப்பேற்று மருத்துவ நூலைப் பால்ஃபர் இந்துஸ்தானியில் மொழிபெயர்த்தார். அதன் தமிழ், தெலுங்கு, கன்னட மொழிபெயர்ப்புகளைத் தம் சொந்தச் செலவில் அச்சிடச் செய்தார். வைத்தியர்களும் ஹக்கீம்களும் எவ்வளவு மருத்துவம் அறிந்துள்ளனர் என்பது பற்றி 1875இல் ஒரு சிறுநூலும் வெளியிட்டார்.

பால்ஃபர் 1852இல் சென்னை மருத்துவப் பணியைச் சேர்ந்த கில்கிறிஸ்ட் என்பவரின் மூத்த மகளை மணந்திருந்தார்.

இறுதிக் காலம்

1876இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். இந்துக்களும் இசுலாமியரும் ஐரோப்பியரும் அவருக்கு வழியனுப்பு மடல் அளித்தனர். அவருடைய உருவப்படம் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. அவர் சென்னையை விட்டுச் சென்ற அந்த ஆண்டில்தான், 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருடப் பஞ்சம் தொடங்கியது. பல இலட்சம் மக்கள் மடிந்தனர். முப்பது ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதியதை நினைவூட்டி, மரங்களுக்கும் தீபகற்பத்தின் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பால்ஃபர் மீண்டும் எழுதினார். 1887இல் வேளாண்மைக்குத் தீங்கு செய்யும் உயிரினங்கள் பற்றிய நூல் வெளிவந்தது. 1889ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் இலண்டனில் காலமானார். பெண்களின் மருத்துவக் கல்வியை ஊக்குவிக்கும் வகையில் 1891இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் தங்கப் பதக்கம் நிறுவப்பட்டது.

காட்சிசாலையின் பிற்கால வரலாறு

பால்ஃபர் விலகிய சில ஆண்டுகளில் விலங்குகள் எழும்பூரை விட்டு வெளியேறின. ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யனின் முயற்சியால், இன்றைய சென்ட்ரல் நிலையத்தை அடுத்து 116 ஏக்கரில் மக்கள் பூங்கா அமைக்கப்பட்டது. 1861இல் காட்சிசாலை சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டு அப்பூங்காவின் ஒரு மூலைக்கு மாற்றப்பட்டது. நுழைவுக் கட்டணம் இல்லை. இராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கத்து மக்களுக்கு எழும்பூரைவிட அருகில் இருந்ததும் இவ்விடமே.

பூங்காவோ ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. விக்டோரியா பொது மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை ஆகியவை அதன் நிலத்தில் எழுந்தன. இரண்டு தொடர்வண்டி நிலையங்களின் இரைச்சலுக்கும் புகைக்கும் நடுவே கூண்டுகள் நெருங்கி நின்றன. 1970களில் வேறிடம் தேடவேண்டிய நிலை வந்தது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், வண்டலூர்க் காப்புக்காட்டில் 510 எக்டேர் நிலம் ஒதுக்கப்பட்டு, 1979இல் பணிகள் தொடங்கின. 1985ஆம் ஆண்டு சூலை 24ஆம் நாள் முதலமைச்சர் ம. கோ. இராமச்சந்திரன் புதிய பூங்காவைத் திறந்துவைத்தார். கம்பிக்கூண்டுகளுக்குப் பதிலாக அகழிகளால் சூழப்பட்ட திறந்த அடைப்புகள் அமைக்கப்பட்டன. சிதைந்திருந்த புதர்க்காட்டில் மரங்கள் நடப்பட்டன. பால்ஃபரின் காட்சிசாலை ஒரு காட்டுக்குள் குடியேறியது.

இதற்குள் காட்சிசாலைகளின் நோக்கமும் உலகெங்கும் மாறிவிட்டிருந்தது. அராபிய ஓரிக்சு என்னும் மானினம் காட்டில் அற்றுப்போன பின், அமெரிக்காவின் பீனிக்ஸ் காட்சிசாலையில் 1963 முதல் பெருக்கப்பட்ட மந்தையின் வழித்தோன்றல்கள் 1982இல் ஓமன் பாலைவனத்தில் விடப்பட்டன. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1976இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணை, எண்ணிக்கை அருகிவந்த இந்திய முதலை இனங்களைப் பெருக்கும் பணியை மேற்கொண்டது. எதிர்மாறான நிகழ்வும் உண்டு. இளஞ்சிவப்புத் தலை வாத்து என்னும் இந்தியப் பறவை இங்கிலாந்து வரை கொண்டுசெல்லப்பட்டு வளர்க்கப்பட்டது. ஆனால் அடைப்பில் ஒருமுறையும் குஞ்சு பொரிக்கவில்லை. 1935க்குப் பின் அதனைக் காட்டில் உறுதியாகக் கண்டவரும் இல்லை.

வாழிடத்துக்கு வெளியே செய்யும் பாதுகாப்பு, வாழிடத்தில் செய்யும் பாதுகாப்புக்குத் துணையாகவே அமையவேண்டும் என்பதை 1992ஆம் ஆண்டின் பல்லுயிர் உடன்படிக்கை வரையறுத்தது. அதே ஆண்டு இந்தியாவில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் இனப்பெருக்கத் திட்டத்தின் கீழ் வண்டலூரில் சிங்கவால் குரங்குகள் வளர்க்கப்படுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம் அது. தேயிலை, காப்பித் தோட்டங்களுக்காக மழைக்காடுகள் துண்டுதுண்டானதால் எண்ணிக்கை குறைந்தது. ஒன்றோடொன்று பின்னிய மரமுகடுகள் வழியே செல்லும் பழக்கமுடைய அக்குரங்குகள், ஆனைமலையின் வால்பாறைப் பகுதியில் ஒரு காட்டுத்துண்டிலிருந்து மற்றொன்றுக்குப் போகச் சாலையைக் கடக்க வேண்டியுள்ளது.